தோ, சுருட்டிக்கிறேன்

அவள் பெயர் எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதப் போவதில்லை. எத்தனையோ வருஷம் 'அக்கா, அக்கா' என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டே அவளிடமிருந்து ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டவள் நான். பெயரையாவது அவளிடமே விட்டுவைக்கலாம்.

ராயபுரத்தில் அந்தக் காலத்தில் கருவாடு வாங்கியவர்களுக்கு ஆளைச் சொன்னால் தெரிந்துவிடும். கறுத்த, நெட்டையான பெண்பிள்ளை. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் மாதா பதக்கம். எதிரே யாராவது வந்தால், அவர்கள் எத்தனை தள்ளி வந்தாலும் சரி, இவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழி விடுவாள். தெருவில் நாய் படுத்திருந்தால் அதை எழுப்ப மாட்டாள், சுற்றிக்கொண்டு போவாள். கை தட்டிக் கூப்பிட்டால், கூப்பிட்டது எதற்கென்று கேட்பதற்கு முன்பே, "தோ, சுருட்டிக்கிறேன்" என்பாள். அதுதான் அவள் வாயில் எப்போதும் இருந்த பேச்சு.

சுருட்டியது பாயை. எங்கள் தெரு ஹார்பர் வாசலுக்குப் போகிற தெரு. ஒரு பக்கம் கிடங்குச் சுவர், மறு பக்கம் வீடுகள், நடுவில் ஒரு வண்டி போனால் இன்னொரு வண்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். தெரு முடிகிற இடத்தில் கடலைப் பார்த்து ஒரு மணல்மேடு. புறம்போக்கு நிலம், யாருக்கும் பட்டா கிடையாது. அவளுடைய அம்மா காலத்திலிருந்து அங்கேதான் கருவாடு காயும். நான் மணலியிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில், அந்த மேடு முழுக்க ஓலைப்பாய் விரித்து நெத்திலியும் வாளையும் காய்ந்துகொண்டிருக்கும். மணலே கண்ணில் படாது. அவள் விடிந்ததும் சிலுவை போட்டுக்கொண்டு முதல் பாயை விரிப்பாள். வெயில் ஏற ஏற மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே குனிந்து நடப்பாள்.

எங்கள் வீட்டில் இரண்டு கட்டை வண்டிகள். ஹார்பரில் கப்பல் வந்தால் மேஸ்திரி வாசலில் நின்று கையைத் தட்டுவான். அவன் கண்ணில் படுகிற வண்டிக்குத்தான் சுமை. கண்ணுக்கு மறைவாக நின்றவன் அன்றைக்கு மாட்டுக்கு வைக்கோலுக்கு என்ன வழி என்று யோசிக்க வேண்டியதுதான். நான் வந்தபோது வண்டிகள் குறைச்சல். பிறகு கப்பல் கூடக் கூட, வள்ளூர், மணலி, திருவொற்றியூர், புளியந்தோப்பு என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வண்டிகள் வந்து எங்கள் தெருவில் அடைத்துக்கொண்டன. ரோட்டில் நிறுத்தினால் போலீஸ்காரன் பிரம்போடு வந்து மாட்டை விரட்டுவான், கேஸ் எழுதுவான். நிற்க இடம் பிடிக்க மனுஷர்கள் சாட்டையால் அடித்துக்கொண்டார்கள். ஒருத்தன் இன்னொருத்தன் வண்டியின் கடையாணியைப் பிடுங்கிக் கடலில் எறிந்தான். சோறு போடுவது மாடு இல்லை, மாடு நிற்கிற இடம்தான் என்று ஆகிவிட்டது.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் ஒரு நாள் என்னிடம் வந்தார்.

"ஏமே, நீ போய் அந்தக் கருவாட்டுப் பொம்பளையாண்ட சொல்லேன். ஒரு பாயைச் சுருட்டிக்கினா நம்ம வண்டி ரெண்டும் நின்னுடும்."

"நீ போய் சொல்றது."

"ஆம்பள போய் பொம்பளையாண்ட இன்னாத்த சொல்றது? பொம்பளைக்குப் பொம்பள பேசிக்கோ."

வழியெல்லாம் நியாயம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். மாடு பட்டினி, மாமியார் ஏச்சு, போலீஸ் தொல்லை என்று வரிசையாக வைத்திருந்தேன். ஒன்றும் செலவாகவில்லை. "அக்கா, எங்க வண்டி நிக்க..." என்று ஆரம்பித்தேன்.

"தோ, சுருட்டிக்கிறேன்" என்று பாயின் முனையைப் பிடித்துவிட்டாள். "நேத்தே பாத்தேன் தங்கச்சி. உன் வூட்டுக்காரர் வெயில்ல மாட்டைப் புட்ச்சிகினு நின்னுகினு இருந்தாரு. எனக்கே தோணியிருக்கணும். தப்பு என் மேலதான்."

சுருட்டி முடித்துவிட்டு, பாதாம் இலையில் ஒரு கை நெத்திலி அள்ளி வைத்து என்னிடம் கொடுத்தாள். இடத்தையும் வாங்கிக்கொண்டு, கருவாட்டையும் வாங்கிக்கொண்டு வீடு வந்தேன். வெட்கமாக இருந்தது. ஆனால் குழம்பு நன்றாக இருந்தது.

அதோடு நின்றிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். என் வீட்டு வண்டிகள் மேட்டில் நிற்பதைப் பார்த்த மற்ற வண்டிக்காரர்கள் என்னைத் தேடி வர ஆரம்பித்தார்கள். "நீ சொன்னா அது கேக்கும்மா" என்பார்கள். உண்மை என்னவென்றால் அது யார் சொன்னாலும் கேட்கும். அதை நான் அவர்களிடம் சொல்லவில்லை. தெருவில் எனக்கு ஒரு மவுசு வந்தது. கிணற்றடியில் எனக்கு முதலில் தண்ணீர் விட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. அந்த மவுசுக்காக அவளிடம் திரும்பத் திரும்பப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கருவாடு போட மாட்டாள். மாதா கோயிலில் பூசை கண்டுவிட்டு, வெள்ளைப் புடவையில் வந்து வீட்டு வாசலில் சும்மா உட்கார்ந்திருப்பாள். வாரத்தில் ஒரு நாள். அந்த ஒரு நாளில் மணல் காலியாகக் கிடக்கிறதே என்று வண்டிகளை ஏற்றிவிடுவார்கள். திங்கட்கிழமை வந்து பார்த்தால் வண்டி அங்கேயே நிற்கும். ஒரு ஞாயிறு நின்ற இடம் அந்த வண்டிக்கே சொந்தம் என்று எங்கள் ஆட்கள் ஒரு சட்டம் வைத்துக்கொண்டார்கள். எவன் எழுதிய சட்டமோ தெரியாது. சாமி கும்பிடப் போனதற்கு அவள் பாய் பாயாக அபராதம் கட்டினாள்.

மாட்டுக்கு உப்பு என்றால் உயிர். பக்கத்தில் கட்டியிருந்த எங்கள் செவலை கழுத்தை நீட்டி, காய்கிற வாளையை நக்கியே ஒரு மூலையை வழித்துவிட்டது. அப்புறம் தொட்டித் தண்ணீரையெல்லாம் குடித்து, வயிறு கழிந்து படுத்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் மேட்டில் நின்று கத்தினார். கருவாடு போனது அவளுக்கு, கத்தினது இவர்.

அவள் செவலையின் நெற்றியைத் தடவிக்கொண்டே சொன்னாள். "வாயில்லா ஜீவன், அதாண்ட இன்னா சொல்றது. உப்பு போட்டவ நான். தப்பு என் மேலதான்."

மறுநாள் பாய்களை மாட்டுக்கு எட்டாத தூரத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். மாட்டுக் கயிற்றை ஒரு முழம் குறைத்துக் கட்டினால் போதுமே என்று எனக்குத் தோன்றியது. அவள் பாயை இழுத்துக்கொண்டதில் காலியான இடத்தில் இன்னொரு வண்டி நிற்கும் என்பதும் தோன்றியது. வாயை மூடிக்கொண்டேன்.

இந்தப் பக்கம் நாங்கள் என்றால் அந்தப் பக்கம் கடல். ஹார்பருக்குக் கல் போட்டு அலையைத் தடுத்ததிலிருந்து அது எங்கள் பக்கம் வந்து மண்ணைத் தின்னத் தொடங்கியிருந்தது. மழைக்காலம் முடிந்து பார்த்தால் மேட்டில் ஒரு விளிம்பு காணாமல் போயிருக்கும். எதிர்வீட்டில் ஆப்பம் சுட்டு விற்றவள் கொஞ்சம் வாய்த்துடுக்கு. என்னை வைத்துக்கொண்டே ஒரு நாள் அவளிடம் சொன்னாள்.

"இடத்தைக் குட்த்தா மடத்தைப் புடுங்குவானுங்கன்னு சொல்லுவாங்கோ. நீ பாயைப் புடுங்கக் குட்த்துகினு கீற."

"கடலாண்ட போய் ஒத்திக்கோன்னு சொல்ல முடியுமா? அதாண்டயும் நான்தான் சுருட்டிக்கிறேன். மனுசனாண்ட மட்டும் இன்னாத்துக்கு சண்டை?" என்று சிரித்தாள்.

ஆப்பக்காரி என்னைப் பார்த்தாள். நான் அரிசி களைகிற தண்ணீரைப் பார்த்தேன்.

அவள் மன்னிப்புக் கேட்கிற வேலையைத் தானே எடுத்துக்கொண்டுவிட்டதால் எங்கள் யாருக்கும் அந்தப் பழக்கமே வரவில்லை. அவளிடம் கோபமும் வந்ததில்லை. கோபம் வந்திருந்தால் நாங்கள் எங்கே நிற்க வேண்டும் என்று எங்களுக்கும் ஒரு எல்லை தெரிந்திருக்கும். எனக்கு மூத்தவன் பிறந்தபோது, பால் ஊற வேண்டும் என்று தினமும் சுறாப் புட்டு செய்து மூடி எடுத்து வந்தாள். வாசலிலேயே நின்று கொடுத்துவிட்டுப் போவாள், உள்ளே வந்தால் வீடு நெருக்கும் என்பாள். நான் எழுந்து வெளியே வந்து பார்த்தபோது மேட்டில் இரண்டு பாய் குறைந்திருந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லையே என்று எனக்கு ரோஷம் வந்தது. பாருங்கள் என் புத்தியை.

வண்டிகள் மேலும் சேர்ந்ததும், மாட்டை அவிழ்த்துவிட்டு வண்டியைப் பின்பக்கமாகக் குடை சாய்த்து, நுகம் கட்டுகிற ஏர்க்கால் வானத்தைப் பார்க்க நிமிர்த்தி வைக்கும் வழக்கம் வந்தது. படுத்த வண்டி ஒன்று பிடிக்கிற இடத்தில் நிமிர்ந்த வண்டி மூன்று நிற்கும். மேடு முழுக்க ஏர்க்கால்கள். அவளுக்குக் கிடங்குச் சுவரோரமாக ஒரு பட்டை மணல் மிஞ்சியது. கருவாட்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டாள். வெயில் எட்டாமல் புழு வைத்தது. வாங்குகிறவர்கள் மோந்து பார்த்துவிட்டு விலகிப் போனார்கள். கூடை கூடையாகக் கடலில் கொட்டினாள்.

அப்போதுதான் அவள் என்னிடம் வாய் திறந்து ஒன்று கேட்டாள். நான் அறிந்து அவள் கேட்டது அது ஒன்றுதான்.

"தங்கச்சி, தப்பா நெனச்சுக்காத. வண்டிங்கோ நிமுந்து சும்மாத்தானே நிக்குது. அந்த ஏர்க்கால்ல கயிறு கட்டி ஓலைவாளையத் தொங்க வுடட்டா? வண்டி வோணும்னா அவுத்துக்கிறேன்."

கீழே இடமில்லை, மேலே இருக்கிறதே என்று எங்கள் ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை, அவளுக்குத்தான் ஏறியது. "ஷோக்கா தொங்க வுடுக்கா. நான் சொல்லிக்கிறேன்" என்றேன். அன்றைக்கு நான் நிஜமாகவே சந்தோஷப்பட்டேன்.

ஓலைவாளை நீளமாக, வெள்ளி நாடா போல இருக்கிற மீன். ஏர்க்காலுக்கு ஏர்க்கால் கயிறு கட்டி அதைத் தொங்கவிட்டாள். கடல் காற்றும் வெயிலும் சேர்ந்து பட்டு, தரையில் காய்ந்ததைவிட நன்றாகவே காய்ந்தது. மேஸ்திரி கை தட்டினால் ஓடி வந்து அவிழ்த்துக்கொள்வாள். வண்டிக்காரர்கள் பீடியை இழுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துச் சிரிப்பார்கள், போகும்போது ஒன்றிரண்டு உருவிக்கொள்வார்கள். அந்தச் சில மாதங்கள் அவள் நடக்கும்போது தலை நிமிர்ந்திருந்தது. கயிற்றைப் பார்க்க நிமிர்ந்துதானே ஆக வேண்டும்.

எங்கள் கெட்ட காலம், மரம் நாற்றத்தைக் குடித்துக்கொள்ளும் என்பதை அவளும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை. ராயபுரத்தில் பிறந்தவளுக்குக் கருவாட்டு வாசம் ஒரு வாசமே இல்லை. வந்து வாழ்ந்த எனக்கும் மூக்கு மரத்துப் போயிருந்தது. துணி மூட்டை ஏற்றிப் போன வண்டிகள் சவுகார் கிடங்கிலிருந்து அப்படியே திரும்பி வந்தன. மூட்டையெல்லாம் கருவாட்டு நாற்றம் என்று சவுகார்கள் எடுக்கவில்லை. மேஸ்திரி வாசலில் நின்று பொதுவாகச் சொல்லிவிட்டான், "இந்தத் தெரு வண்டி ஒண்ணும் வேணாம். ஒரே கலீஜு."

வண்டிகள் எல்லாம் வெறும் வண்டியாகத் திரும்பி வந்து நின்றன. ஆண்கள் மேட்டில் கூடிவிட்டார்கள். ஒவ்வொருவரும் உருவித் தின்ற கருவாடு எந்த வயிற்றுக்குப் போயிற்றோ தெரியவில்லை.

"யாரு இத்த தொங்க வுடச் சொன்னது?" என்று ஒருத்தன் கேட்டான்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள், திறக்கத்தான் இருந்தேன் என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், அவள் முன்னால் வந்துவிட்டாள்.

"யாரும் சொல்லலபா. யாராண்டயும் கேக்காம நான்தான் கட்டிட்டேன். தங்கச்சிக்குக்கூடத் தெரியாது. தப்பு என் மேலதான்."

நான் சும்மா நின்றேன். அவளைத் திட்டினார்கள், அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன். அவள் கயிறுகளை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள். மறுநாள் காலையில் புளியும் அடுப்புச் சாம்பலும் எடுத்துக்கொண்டு வந்து ஒவ்வொரு வண்டியாகத் தேய்த்துக் கழுவினாள். ஏர்க்கால், நுகத்தடி, பலகை, சக்கரத்தின் ஆரக்கால் வரைக்கும் விடவில்லை. தெரு வண்டி அத்தனையும். ஆண்கள் நிழலில் குந்திக்கொண்டு, அங்கே தேய், இங்கே தேய் என்று கை காட்டினார்கள். நான் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்துக் கொடுத்தேன். பெரிய தர்மம். புளி பட்டு அவள் விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது. குடத்தை வாங்கும்போது மெதுவாகச் சொன்னாள், "நீ வூட்டுக்குப் போ தங்கச்சி. கொயந்த அழுதுகினு இருக்கும்."

அதற்குப் பிறகு அவள் பாய் விரிக்க வரவில்லை. யாரும் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. வர இடமில்லை, அவ்வளவுதான். வேறு ஆட்களுடைய கொட்டகையில் மீன் அறுக்கிற கூலி வேலைக்குப் போனாள். பாய்களைச் சுருட்டி வீட்டுக் கூரையில் செருகி வைத்திருந்தாள். தெருவில் என்னைப் பார்த்தால் முன்பு போலவே சிரிப்பாள், சுவரோடு ஒதுங்கி வழி விடுவாள். அவள் ஒரு தடவை முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால் எனக்கு ராத்தூக்கம் வந்திருக்கும்.

அப்புறம் லாரி வந்தது. மாட்டு வண்டிகள் நாள் கணக்கில் நின்று ஏற்றுகிற சரக்கை ஒரு லாரி வந்து வாரிக்கொண்டு போயிற்று. மேஸ்திரி கை தட்டுவதை நிறுத்தினான். வண்டிக்காரர்கள் ஒவ்வொருவராக மாட்டை விற்றார்கள். மிச்சம் இருந்த வண்டிகளுக்குக் கார்ப்பரேஷன் ரயில் பாதை ஓரமாக ஒரு மைதானம் ஒதுக்கியது. என் வீட்டுக்காரரும் வண்டிகளைக் கொடுத்துவிட்டு, திருவொற்றியூரில் இருந்த என் தம்பியோடு சேர்ந்து ஒரு பழைய லாரி வாங்கினார். அது தம்பி வீட்டுப் பக்கம் நிற்கும் என்று பேச்சு.

ஒரு காலையில் பார்த்தேன், மேடு காலியாகக் கிடந்தது. கடல் விட்டுவைத்தது போக மீதி மணல் அத்தனையும் வெறுமனே கிடந்தது. என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினது போல இருந்தது. அவள் வீட்டுக்கு ஓடினேன்.

"அக்கா, வண்டி எல்லாம் பூட்ச்சு. பாயை எட்த்துகினு வா."

"வேணாம் தங்கச்சி. வேற வண்டி வந்தா இன்னா பண்றது?"

"எவனும் வர மாட்டான். வந்தா நான் கீறேன், நான் பேசிக்கிறேன். மாதா மேல ஆணை."

அவளுடைய மாதாவின் மேல் நான் ஆணையிட்டேன். அவள் பதக்கத்தைத் தொட்டுக்கொண்டாள். பிறகு கூரையிலிருந்து பாய்களை இறக்கினாள். முதலில் சுவரோரமாக ஒன்றை விரித்துவிட்டு அதன் விளிம்பை உள்பக்கமாக மடித்து வைத்தாள். நான் போய் மடிப்பை நிமிர்த்தி நீட்டிவிட்டேன். அடுத்ததை நானே விரித்தேன். அதற்கடுத்ததையும். காலிப் பாய் என்ன, காற்றில் தானாக விரிந்துகொள்கிறது. கடன் சொல்லி வாங்கி வந்த நெத்திலியை உப்புப் போட்டு அவள் பரப்பினாள். மேடு மறுபடியும் பாயாகத் தெரிந்தது. அவள் குனிந்து திருப்பிப் போட்டுக்கொண்டு நடப்பதை என் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் செய்ததெல்லாம் தீர்ந்தது என்றே நினைத்தேன்.

அந்த நெத்திலி காய்வதற்குள் லாரி வந்தது. எங்கள் லாரிதான். திருவொற்றியூரில் அதைத் திருப்பக்கூட இடமில்லையாம், பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வந்தானாம். ரோட்டில் நிறுத்தினால் கேஸ். தெரு முனையில் நின்று ஹாரன் அடித்தது. டிரைவர் பக்கத்தில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் இறங்கவில்லை. மேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்தான்.

பேசிக்கொள்கிறேன் என்று ஆணையிட்டவள் அங்கேயே பேசியிருக்கலாம். வீட்டில் இருந்ததையெல்லாம் விற்று வாங்கிய லாரி அது. நான் மேட்டுக்கு நடந்தேன். "அக்கா" என்றேன்.

அவள் "தோ" என்று சொல்லவில்லை. தப்பு என் மேல் என்றும் சொல்லவில்லை. பாய்களுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துகொண்டு, கடல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நீயே சுருட்டு தங்கச்சி. எனக்குக் கை வர்ல."

பின்னால் ஹாரன் மறுபடி அடித்தது. நான் குனிந்து பாயின் முனையைப் பிடித்தேன். ஈர நெத்திலி எல்லாம் நழுவி நடுவில் வந்து குவிந்தது. தூக்க முடியவில்லை, இழுத்தேன், முழங்காலால் தள்ளினேன். இத்தனை வருஷத்தில் அவளை நான் எத்தனை தடவை சுருட்டச் சொல்லியிருப்பேன். மீனோடு சேர்ந்தால் ஒரு பாய் என்ன கனம் கனக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான் எல்லாப் பாயையும் சுருட்டினேன்.